பூட்டுக்கு வெளியே நின்ற வரி

எங்கள் கம்பெனியில் வந்த மெயிலைத் திறந்து படித்தவர்கள் இதுவரை மூன்றே பேர். ஒருவர் மாரடைப்பில் போனார். ஒருவர் கனடா போனார். மூன்றாவது ஆள் நான், சண்முகசுந்தரம். ஒரகடத்தில் கார்க் கதவுகளுக்குத் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் கம்ப்யூட்டர்களை மேய்த்துவிட்டு, போன சித்திரையில் ஓய்வு பெற்றேன். அன்று எனக்குப் போர்த்திய சால்வையை விரித்தால் மண்ணூர் ஏரியை மூடலாம். ஓய்வு பெற்ற பிறகும் கம்பெனியின் குரூப் மெயில் எல்லாம் என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்துகொண்டிருக்கிறது. பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்க, எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்த பிரவீனுக்கு மனசு வரவில்லையா, வழி தெரியவில்லையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பொழுது போகிறது.

மற்றவர்கள் ஏன் மெயிலைத் திறப்பதில்லை என்றால், அதற்கும் நான்தான் காரணம். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு கம்ப்ரஸர் ஒன்று வெடிக்கிற நிலைக்கு வந்தது. மெயின்டனன்ஸ்காரர் முறையாக மெயில் எழுதினார். ‘ஐயா வணக்கம்’ என்று தொடங்கி நாலாவது பத்தியில்தான் கம்ப்ரஸர் வந்தது. சப்ஜெக்ட் வரியில் ‘தகவல்’ என்று போட்டிருந்தார். பிளான்ட் மேனேஜர் போனில் அந்த ஒரு வரியைப் பார்த்தார். தகவல்தானே என்று சாப்பிடப் போய்விட்டார். கம்ப்ரஸரின் மூடி பறந்த வேகத்தில் அது இன்னும் ஸ்ரீபெரும்புதூருக்கு மேலே சுற்றிக்கொண்டுதான் இருக்க வேண்டும். இறங்கியதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாளே ஒரு சுற்றறிக்கை விட்டேன்: இனி முழு விஷயமும் சப்ஜெக்ட் வரியிலேயே வர வேண்டும், உள்ளே எழுதுவது அவரவர் விருப்பம்.

அதைப் பயல்கள் வேதமாக்கிவிட்டார்கள். ‘லைன் 2 ஆயில் கசிவு பக்கெட் வைத்துள்ளோம் பக்கெட்டும் நிரம்பிவிட்டது’ என்று ஒன்று வரும். ‘அன்பு கல்யாணம் ஞாயிறு பிரியாணி உண்டு வேன் பதினோரு மணிக்கு கேட்டில்’ என்று ஒன்று வரும். ‘வேலையை விடுகிறேன் சூப்பர்வைசரே காரணம் ஹெல்மெட் லாக்கரில்’ என்று ஒரு ராஜினாமாவே வந்தது. திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும். புதிதாகச் சேர்பவனுக்குத் தீ பிடித்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிக் கொடுப்பார்கள்.

என் இரண்டாவது சாதனை பூட்டு. கார் கம்பெனிக்காரர்கள் ஒரு நாள், தங்கள் வரைபடங்களை இனி அப்படியே மெயிலில் அனுப்பக் கூடாது, பூட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பதினொரு மேஜைகளில் உட்கார்ந்திருந்த மெயில் சாஃப்ட்வேரோடு பூட்டும் சாஃப்ட்வேரை நான் ஒட்ட வைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் என் தலையில் இருந்த கறுப்பு முடி முழுவதும் போய்விட்டது. கல்யாண போட்டோவைப் பார்த்தால் அது முன்பே போனது போலத் தெரியும், அதை நம்ப வேண்டாம். கடைசியில் ‘அனுப்பு’ பொத்தானுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் வந்து உட்கார்ந்தது. அதை அமுக்கி அனுப்பினால், யாருக்கு அனுப்புகிறோமோ அவர் ஒருவர்தான் திறக்க முடியும். உலகத்தில் உள்ள அத்தனை கம்ப்யூட்டர்களையும் வரிசையாக உட்கார வைத்து, டீயும் பஜ்ஜியும் கொடுத்து உடைக்கச் சொன்னாலும், சூரியன் அணைந்த பிறகு ‘இன்னும் ஒரு தட்டு பஜ்ஜி’ என்றுதான் கேட்குமே தவிர, பூட்டு திறக்காது.

அந்தப் பதினொரு மேஜைகளில் ஒன்று ஷெர்லினுடையது. மண்ணூர்ப் பெண், மிஷின்களில் ஆபத்து உண்டா என்று சுற்றிப் பார்க்கும் பாதுகாப்புப் பிரிவில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு, பைபிள் பையைத் தோளில் மாட்டியபடியே என் வீட்டுக்கு வந்தாள்.

“சார், சுடலை விஷயம் கேள்விப்பட்டீங்களா?”

கேள்விப்பட்டிருந்தேன். சுடலை திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், இருபத்துமூன்று வயது, ஐ.டி.ஐ. படித்துவிட்டு கான்ட்ராக்டில் சேர்ந்தவன். தகட்டின் ஓரத்தை வெட்டும் ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் அவனுடைய வலது கை போய்விட்டது. பெருவிரல் மட்டும் மிச்சம். நாலு விரல். இந்த எண்ணை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அந்த பிரஸ்ஸின் வாயில் இரண்டு பக்கமும் இரண்டு கம்பங்கள் நிற்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடிக்கொண்டிருக்கும். கை குறுக்கே போனால் மிஷின் அந்த நொடியே நின்றுவிட வேண்டும். அன்று நிற்கவில்லை. பின்னால் இருக்கும் பேனலுக்குள் யாரோ ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே மாட்டி, ‘கை எதுவும் இல்லை’ என்று மிஷினை நம்ப வைத்திருந்தார்கள். அடிக்கடி நின்றால் டார்கெட் வராதல்லவா!

“ஒயரை அவனே மாட்டிக்கினான்னு எழுதிட்டாங்க சார்,” என்றாள் ஷெர்லின். “வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாரு. அதுக்குள்ள அவன்கிட்ட கையெழுத்து வாங்கப் பாக்கறாங்க. போடலைன்னா மிஷினைக் கெடுத்தான்னு போலீஸ்ல குடுப்பாங்களாம்.”

“அவன் மாட்டலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“அவன் வேலைக்குச் சேர்ந்தது போன மாசம் இருபதாம் தேதி. நான் ரவுண்ட்ஸ் போனப்ப அந்த ஒயரை போட்டோ எடுத்தது அதே மாசம் ஆறாம் தேதி. கம்பெனி கேமரால எடுத்தேன், தேதியோட நாலு போட்டோ. ரிப்போர்ட்டும் குடுத்தேன். ‘சரி செய்யப்பட்டது’ன்னு எழுதி மூடிட்டாங்க. அவன் இன்னா சார், வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே செவுரு ஏறிக் குதிச்சு வந்து ஒயரை மாட்டிட்டுப் போனானா?”

“போட்டோ எங்கே?”

“என் கம்ப்யூட்டர்ல கீது. அழிக்கச் சொன்னாங்க. அழிச்சிட்டேன்னு சொல்லிட்டு வேற பேர்ல வெச்சிக்கினு கீறேன்.”

“வெளியே எடுத்துட்டு வரவேண்டியதுதானே?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “எப்படி சார்? போன் கேமரா மேல கேட்லயே நம்பர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டறாங்க. பிரின்ட் எடுத்தா பைய கொட்டிக் காட்டணும். பென்டிரைவ் ஓட்டையில யாரோ ஒரு மகராசன் பசை ஊத்தி வெச்சிக்கிறாரு.”

“அது கம்பெனி சொல்லி ஊத்தினது.”

“நல்லாவே ஊத்தியிருக்கீங்க. கத்தியால நோண்டினேன், கத்தி ஒடஞ்சிடுச்சு.”

உள்ளேயிருந்து என் மனைவி சந்திரம்மாள் குரல் கொடுத்தாள்: “ஏம்மா, அந்தாளு கைய வெச்ச எது தொறந்துக்குது? எங்கூட்டு பீரோவே மூணு வருஷமா அப்படித்தான் கீது.”

எனக்குள் ஒரு பட்டாசு வெடித்தது. மெயில்! வெளியே போகும் மெயிலையெல்லாம் கம்பெனி சல்லடை போட்டுப் பார்க்கும். ஆனால் பூட்டிய மெயில் தினமும் ஐம்பது போகிறது. வரைபடங்கள். எங்கள் சல்லடைக்குப் பூட்டிய மெயில் என்றால் பெருமாள் கோவில் யானை மாதிரி. ஒதுங்கி வழி விடும். ஷெர்லினின் மேஜையில் பூட்டு இருக்கிறது. வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் ஒரு சாவி உண்டாக்கிவிட்டால் போதும். ஓய்வு பெற்று ஏழு மாதத்தில் அன்றுதான் எனக்குக் காலையில் குளித்ததற்கு ஒரு பலன் கிடைத்தது.

சுடலையின் வழக்கை எடுத்திருந்தவர் வக்கீல் நம்பிராஜன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பரோட்டா கடைக்கு மேலே அவருடைய ஆபீஸ். கீழே மாவை அடிக்கும்போதெல்லாம் மேலே சட்டப் புத்தகங்கள் ஒரு விரற்கடை நகரும். அன்று மாலையே போனேன். அவருடைய கம்ப்யூட்டரில் மெயில் சாஃப்ட்வேரைப் போட்டு, அதோடு பூட்டை ஒட்டினேன்.

“ரெண்டு சாவிங்கிறீங்க,” என்றார். “ஒண்ணு பூட்ட மட்டும். ஒண்ணு திறக்க மட்டும். பூட்டுற சாவியை ஊருக்கே கொடுக்கலாம். சார், இப்படி ஒரு பூட்டை எங்க ஊர்ல செஞ்சிருந்தா ஆசாரியைக் கட்டி வெச்சிருப்பாங்க.”

“திறக்கிற சாவிக்கு ஒரு ரகசிய வாக்கியம் வேணும். நீளமா. உங்க பேரு, பொண்ணு பேரு எல்லாம் ஆகாது. யாருமே யூகிக்கக் கூடாது.”

அவர் யோசித்தார். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் குறுக்கு விசாரணை செய்வது போல அமுக்கினார். எதிர்த்தரப்பு வக்கீலின் குடும்பத்தைப் பற்றி அவர் என்ன எழுதினார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. யூகிக்க முடியாததுதான்.

நான் எதையும் விட்டுவைக்கவில்லை. வக்கீல் என்று பெயர் இருந்தால் சந்தேகம் வரும் என்பதால், தகட்டை அடிக்கும் டை என்ற அச்சு செய்யும் சின்னப் பட்டறை ஒன்றின் பெயர் போல அவருக்கு ஒரு புது மெயில் முகவரி செய்தேன். பூட்டும் சாவியை அந்த முகவரியிலிருந்தே ஷெர்லினுக்கு அனுப்பினேன். அது எங்கள் சாவிதானா, நடுவில் யாரும் மாற்றவில்லையே என்று உறுதி செய்ய, திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவள் கேன்டீனிலிருந்து போன் செய்து, சாவிக்குக் கைரேகை மாதிரி இருக்கும் நாற்பது எழுத்துகளையும் எண்களையும் ஒப்பித்தாள். பக்கத்திலிருந்தவர்கள் அவள் ஏதோ ஜெபம் செய்கிறாள் என்று நினைத்து சாம்பார் கேட்காமல் இருந்தார்களாம். அதற்குப் பிறகு ஒரு சோதனை மெயில் அனுப்பினாள். சப்ஜெக்ட்டில் ‘டெஸ்ட்’ என்று இருந்தது. அரை நிமிடத்தில் வக்கீல் ஆபீஸுக்கு வந்தது. வக்கீல் தன் வாக்கியத்தை அடித்தார், திறந்தது. உள்ளே ‘ஏசப்பா காப்பாத்து’ என்று இருந்தது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கை தட்டினேன். கீழே பரோட்டா மாஸ்டர் என்ன ஆயிற்று என்று ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சுடலையிடம் போனில் சொன்னோம். “செவ்வாய்க்கிழமை போட்டோ வந்துரும்டா. வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் கையில குடுத்துருவோம். அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதே.”

“எந்தக் கையால போட அண்ணாச்சி?” என்றான். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. வக்கீலும் நானும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். பதினொன்று ஆயிற்று. பதினொன்றேகால். டீ வந்தது. பதினொன்றரை. வக்கீல் வாக்கியத்தை மறந்துவிடக் கூடாது என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். கட்சிக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு ஃபைலை மடக்கிக்கொண்டு இறங்கிப் போனார். பன்னிரண்டு ஆயிற்று.

பன்னிரண்டேகாலுக்கு என் போன் அடித்தது. பிரவீன்.

“சார், சாப்ட்டீங்களா? ஒரு சின்ன டவுட்டு சார். ஒரு மெயில் தொறக்கவே மாட்டேங்குது. எச்.ஆர். என் தல மேல நிக்கிறாரு. நீங்க போட்ட பூட்டுதான் சார். எப்படி ஒடைக்கிறது?”

என் வாய் இருக்கிறதே, அதற்கு நேரம் காலம் தெரியாது. “உடைக்கிறதா? தம்பி, நீயும் உன் எச்.ஆரும் உங்க ஏழு தலைமுறையும் உக்காந்து உடைச்சாலும் அது உடையாது. அது யார் போட்டது!”

“அதான் சார் நானும் சொன்னேன். ‘சார் போட்டாரு, ஆவாது’ன்னேன்.”

“யாரு மெயில்?”

“நம்ம ஷெர்லின் மேடம்து சார்.”

வக்கீல் முணுமுணுப்பை நிறுத்தினார். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“பூட்டின மெயிலை எதுக்குப்பா நிறுத்தினே? அது நேரா போகணுமே.”

“ஆக்சிடென்ட் ஆன அன்னிக்கே எச்.ஆர். சொல்ட்டாரு சார். பிரஸ்ஸு, சென்சாரு, இன்ஸ்பெக்டரு, இந்த வார்த்தைங்க இருந்தா வெளிய உடாதன்னு. சல்லடைல போட்டுட்டேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விபத்து நடந்த நாளிலிருந்து பிரஸ் பற்றி ஒரு குரூப் மெயில்கூட என் வீட்டுக்கு வரவில்லை. மிஷின்கள் எல்லாம் திருந்திவிட்டன என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“பூட்டியிருக்கிற மெயில்ல வார்த்தை எப்படிப்பா தெரியும்?”

“உள்ள எதுக்கு சார் பாக்கணும்?” என்றான் பிரவீன். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது, பெருமைப்படுத்துகிற குரல். “நீங்க சொல்லிக் குடுத்த மாரியே எல்லாத்தையும் சப்ஜெக்ட்லயே எழுதிக்கிறாங்க. படிக்கட்டா? ‘பிரஸ் 7 சென்சார் பைபாஸ் ஒயர் போட்டோ 4 தேதி 6 சுடலை சேரும் முன்பே இருந்தது இன்ஸ்பெக்டர் வந்ததும் பேனலைத் திறக்கச் சொல்லவும்.’”

பூட்டு, மெயிலின் வயிற்றைத்தான் பூட்டும். நெற்றியைப் பூட்டாது. யாருக்கு, என்ன விஷயம் என்று மேலே எழுதியிருப்பது பட்டவர்த்தனமாகத்தான் போகும். இது எனக்குத் தெரியாததா? பதினொரு பேருக்கும் வகுப்பு எடுத்தபோது சொல்லியிருக்கிறேன். வரைபடத்துக்கு வெறும் எண்ணைத்தான் போடுவார்கள் என்பதால் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். சுற்றறிக்கையை மட்டும் பத்து வருடம் சொன்னேன். ஷெர்லின் முகவரியை மறைக்கச் சொன்னால் மறைத்தாள், நாற்பது எழுத்தை ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பித்தாள். சப்ஜெக்ட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் அவள் எங்கள் கம்பெனியில் எல்லோரும் செய்வதைச் செய்தாள். திறக்கத் தெரியாத வக்கீல்கூடப் படித்துவிட வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறாள்.

“பிரவீன்,” என்றேன், “அந்த மெயிலை மட்டும் வெளியே விட்டுடுப்பா. கை தவறிட்டதுன்னு சொல்லு.”

“சார், நீங்க ரிட்டயர் ஆய்ட்டீங்க,” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “மெயின்டனன்ஸ்காரங்க ஏற்கெனவே பேனலாண்ட போய்ட்டாங்க சார். மேடத்தோட கம்ப்யூட்டரையும் தூக்கிட்டாங்க. அழிக்கச் சொல்லிட்டாரு.”

“மெயிலையுமா?”

“இல்ல சார். அத்த மட்டும் பத்திரமா வைக்கச் சொல்லிட்டாரு. கம்பெனி ரகசியத்தைத் திருடுனதுக்கு அதான் சாட்சியாம்.”

இதைத்தான் நான் மூன்று வாரம் உட்கார்ந்து கட்டினேன். அந்த நாலு போட்டோக்களும் இப்போது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தன. திறக்கும் சாவி பரோட்டா கடைக்கு மேலே. பெட்டி அவர்களிடம்.

“கோர்ட்ல மனு போட்டு அந்த மெயிலை வரவழைக்கலாம்,” என்றார் வக்கீல். “எல்லார் முன்னாடியும் நானே திறந்து காட்டலாம். ஆனா மாசக் கணக்காகும். அதுவரைக்கும் பையன் தாக்குப்பிடிக்கணும். அவங்களும் அதை அழிக்காம இருக்கணும்.”

மத்தியானம் ஷெர்லினை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்களாம். அந்த மெயிலைத் திறக்க ரகசிய வாக்கியத்தைக் கேட்டிருக்கிறார்கள். “மறந்துட்டேன்னேன் சார்,” என்றாள், சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து. “மூணு மணி நேரம் கேட்டாங்க. மூணு மணி நேரமும் மறந்துட்டேன்.” அவ்வளவுதான் சொன்னாள். சப்ஜெக்ட் பற்றி நான் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னேன். அவள் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். சந்திரம்மாள்கூட அன்று என்னை ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை மூன்று மணிக்கு ஷெர்லினும் நானும் சுடலையின் அறைக்குப் போனோம். ஒரகடத்தில், ஆறு பேர் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் படுக்கும் அறை. ஒருவன் தலை வரை போர்த்திக்கொண்டு தூங்கினான். சுடலை பாயில் உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு தூக்கிக் கட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு காகிதம், அதன் மேல் காற்றில் பறக்காமல் ஒரு ஸ்டாம்பு இங்க் டப்பா.

“வாங்க அண்ணாச்சி. வாங்கக்கா. இரிங்க. காலைல எச்.ஆர். ஆள் வந்து குடுத்துட்டுப் போனாவ. நாலு மணிக்கு வாங்கிக்கிட வருவாவ.”

காகிதத்தைப் படித்தேன். டார்கெட்டைச் சீக்கிரம் முடிக்க வேண்டி, யாருக்கும் தெரியாமல் நானே ஒயரை மாட்டினேன் என்று இருந்தது. கீழே இரண்டாவது பத்தியில், இந்த விஷயம் தொடர்பாக வேறு எந்த ஊழியர் மீதும் கம்பெனி மேல்நடவடிக்கை எடுக்காது என்று இருந்தது.

ஷெர்லின் அந்த இரண்டாவது பத்தியை இரண்டு தடவை படித்தாள். “இது எனக்காகவா எழுதிக்கிறாங்க?”

அவன் இங்க் டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

“டேய், நீ வைக்கக் கூடாது. நான் வந்து சாட்சி சொல்றேன். போட்டோ இல்லைன்னா இன்னா, எடுத்தவ நான் கீறேன் இல்ல?”

“உங்களயே திருடின்னு எழுதி வச்சிருக்காவக்கா. நீங்க சொன்னா யாரு கேப்பா?”

“எவனோ கேப்பான். கேக்குற வரைக்கும் சொல்றேன்.”

“உள்ள தூக்கி வச்சிட்டாவன்னா? உங்க வீட்ல ஆரு சாட்சி சொல்லுவா?” பிறகு என் பக்கம் திரும்பினான். “அண்ணாச்சி, அந்தப் போட்டோ இப்போ எங்க இருக்கு?”

“கம்பெனி சர்வர்லதான். ஒண்ணும் ஆகலை. அப்படியே இருக்கு. யாராலயும் மாத்த முடியாது, உடைக்க முடியாது. வக்கீலால மட்டும்தான்...” என்று ஆரம்பித்தேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

“பத்திரமா இருக்கு, என்னா?”

“பத்திரமா இருக்கு.”

அவன் தலையை ஆட்டினான். “என் விரலையும் அப்படித்தான் அண்ணாச்சி கொண்டாந்தாவ. கேன்டீன் ஐஸ் பெட்டில, ஐஸுக்கு நடுவுல புதைச்சு. நாலும் அப்படியே இருந்துச்சு, நகத்துல கிரீஸு கூட அப்படியே. டாக்டரு பாத்துட்டு, நேரா ஐஸ்ல வச்சதால ஒட்ட வைக்க முடியாதுன்னுட்டாவ. ரொம்பப் பத்திரமா வச்சிட்டாவளாம்.”

தூங்கிக்கொண்டிருந்தவன் புரண்டு படுத்தான்.

நாலு மணிக்கு எச்.ஆர். ஆள் வந்தார். என்னைப் பார்த்ததும் “அட, சார்! எப்படி இருக்கீங்க? ரிட்டயர்மென்ட் லைஃப் எப்படிப் போவுது?” என்று உண்மையான சந்தோஷத்தோடு கேட்டார். எனக்குச் சால்வை போர்த்தியவர்களில் அவரும் ஒருவர்.

ஷெர்லின் இங்க் டப்பாவை எடுத்துப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். “குடுக்க மாட்டேன்.”

“அக்கா, குடுங்க.”

“உன் மேல பழியப் போட்டுக்கினு நீ ஊருக்குப் போவ. நான் இங்க தினம் அந்த கேட்டைத் தாண்டிக்கினு போவணும். குடுக்க மாட்டேன்.”

“அக்கா. வலிக்கி. சீக்கிரம் முடியட்டும்.”

டப்பாவைப் பாயின் மேல் வைத்துவிட்டு அவள் வெளியே போய் நின்றாள்.

“இடது கைப் பெருவிரல் போதும் தம்பி,” என்றார் எச்.ஆர். ஆள்.

“ஐ.டி.ஐ.ல முதல் வகுப்பு சார்,” என்றான் சுடலை அவரைப் பார்த்து. “கைநாட்டு வைக்கேன்.” விரலை நன்றாக அழுத்தி எடுத்தான். அது மங்கலாக விழுந்துவிட்டது என்று இன்னொரு தடவை வைக்கச் சொன்னார்கள். வைத்தான். மையைத் துடைக்க இன்னொரு கை இல்லாததால் நான் துடைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து போனார். புது பேனல், புது ஒயர், புது பெயின்ட். கையை நீட்டிக் காட்டினார்கள், பிரஸ் நின்றது. நம்பிராஜன் அந்தக் காகிதத்தின் நகலைப் பார்த்துவிட்டு, தன் கம்ப்யூட்டரில் நான் போட்ட பூட்டு அப்படியே இருக்கட்டும் என்றார். சர்வரில் இருந்த மெயிலை அழித்துவிட்டார்கள் என்று பிரவீன் அடுத்த வாரம் போனில் சொன்னான். சாட்சிக்குத் தேவை முடிந்துவிட்டதாம். சுடலை ஊருக்குப் போக சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயில் ஏறினான். பையை ஷெர்லின் தூக்கிக்கொண்டு போனாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பேனா என்று தெரியாது.

ஒரு மாதம் கழித்து, பிரஸ் பற்றிய குரூப் மெயில்கள் மறுபடியும் என் வீட்டுக்கு வரத் தொடங்கின. சல்லடையை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். போன திங்கட்கிழமை ஒன்று வந்தது:

‘பிரஸ் 7 சென்சார் அடிக்கடி நிறுத்துகிறது டார்கெட் 60 சதம்தான் வருகிறது உடனே ஏதாவது செய்யவும்.’

அதை வக்கீலுக்கு அனுப்பினேன். ‘யார் மேல கேஸ் போடறது சார், இன்னும் யாருக்கும் எதுவும் ஆகலையே’ என்று பதில் வந்தது. இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கு அச்செடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். நான் யார் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவன் என்றேன். காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை அதே மெயிலுக்கு மெயின்டனன்ஸிலிருந்து பதில் வந்தது:

‘சரி செய்யப்பட்டது இப்போது நிற்பதில்லை டார்கெட் 104.’

திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.